திருடன் போனான், பூட்டு போகவில்லை!

இது ஒரு பூட்டின் கதை.

இரும்புப் பூட்டு அல்ல. கையால் தொட முடியாத பூட்டு. கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு உள்ளே போட்ட பூட்டு.

ஓர் ஆபத்துக்குப் பயந்து அதைப் போட்டார்கள். 2007-ம் ஆண்டில் அந்த ஆபத்து நீங்கிவிட்டது. பூட்டு மட்டும் நீங்கவில்லை. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. எட்டு ஆண்டுகளுக்கு மேல் அது தொங்கிக்கொண்டே இருந்தது!

அந்தப் பூட்டுக்கு முன்னால் புரோகிராம்கள் காரணம் தெரியாமல் வரிசையில் நின்றன. சில, நின்று நின்று அலுத்து, "தொடர்பு கிடைக்கவில்லை" என்று கை விரித்தன.

ஏன் அதை யாரும் எடுக்கவில்லை?

எடுக்கலாமா, கூடாதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. காரணம் அவ்வளவுதான்.

கடைசியில் ஒருவர் ஆதாரத்தைத் தேடிக் கொண்டுவந்தார். பூட்டு திறந்தது. திறந்த இடத்தில் ஒரு குறிப்பையும் எழுதிவைத்தார்கள். அந்தச் சின்னக் குறிப்புதான் இந்தக் கதையின் கதாநாயகன்.

நூலும் சிக்கும்

கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு புரோகிராம், ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்க்கும். ஒரு பக்கம் படம் இறங்கிக்கொண்டிருக்கும். மறு பக்கம் நீங்கள் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு பக்கம் புதிய செய்தி வந்திருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படி ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் "திரெட்" என்று பெயர். திரெட் என்றால் நூல். பல நூல்கள் சேர்ந்துதான் ஒரு புரோகிராம் ஓடுகிறது.

நூல் என்றால் சிக்கு விழும் அல்லவா? இங்கேயும் விழும். எப்படி என்று பாருங்கள்.

விலாசம் சொல்லும் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே இரண்டு குமாஸ்தாக்கள். ஆனால் சிலேட்டு ஒன்றே ஒன்றுதான்.

ஒருவர் வந்து, "முருகேசன் வீடு எங்கே?" என்று கேட்கிறார். முதல் குமாஸ்தா சிலேட்டில் விலாசத்தை எழுதி வைக்கிறார். வந்தவர் அதைப் படிப்பதற்குள் இன்னொருவர் வந்து, "பாத்திமா வீடு எங்கே?" என்று கேட்கிறார். இரண்டாவது குமாஸ்தா அதே சிலேட்டைத் துடைத்துவிட்டு, பாத்திமாவின் விலாசத்தை எழுதுகிறார்.

முருகேசனைத் தேடி வந்தவர் பாத்திமா வீட்டு வாசலில் போய் நிற்பார்!

இதைவிடக் கேடு ஒன்று உண்டு. பாதி துடைத்து, பாதி எழுதியிருக்கும்போது படித்துவிட்டால்? கதவு எண் முருகேசனுடையது, தெரு பாத்திமாவுடையது. அப்படி ஒரு வீடே ஊரில் இராது.

இதில் யார் மேல் குற்றம்? இரண்டு குமாஸ்தாக்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இரண்டு பேருக்கு ஒரே சிலேட்டு என்பதுதான் குற்றம்.

இந்தத் தவறு தினமும் நடப்பதில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் நடப்பதே இல்லை. இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தால்தான் நடக்கும். ஆயிரம் தடவை சோதித்துப் பார்ப்பீர்கள்; எல்லாம் சரியாக இருக்கும். ஆயிரத்து ஒன்றாவது தடவை கவிழ்த்துவிடும்!

5 கோடி பேர் இருட்டில்

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2003-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் பக்கத்து நாடான கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்திலும் மின்சாரம் போயிற்று. சுமார் 5 கோடி மக்கள் இருட்டில் மூழ்கினார்கள்.

ஒஹையோ மாநிலத்தில் மின்கம்பிகள் மரங்களில் பட்டு, ஒன்றன் பின் ஒன்றாகச் செயல் இழந்தன. அப்போது கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலித்திருக்க வேண்டும். ஒலிக்கவில்லை. எச்சரிக்கை கொடுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் அதற்கு முன்பே சத்தம் இல்லாமல் நின்றுபோயிருந்தது. அது நின்றது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் மாற்றப் புகுந்ததால், அந்தப் புரோகிராம் சிக்கிக்கொண்டது என்று தெரிந்தது. சிலேட்டுக் கதைதான்!

அங்கே தவறு எச்சரிக்கைப் புரோகிராமிலேயே இருந்தது. ஆகவே அதை எழுதியவர்களே திருத்தினார்கள்.

ஆனால் தவறு நம்முடைய புரோகிராமில் இல்லாமல், அது குடியிருக்கும் வீட்டிலேயே இருந்தால் என்ன செய்வது?

ஒழுகும் கூரையும் ஓர் அண்டாவும்

பொதுவாக எந்தப் புரோகிராமும் தனியாக ஓடுவதில்லை. "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்ற பெரிய புரோகிராமின் மேல்தான் ஓடுகிறது. செல்போனில் ஆண்ட்ராய்டு, மேஜைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கம்பெனியின் மேக். இவை எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டங்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது வாடகை வீடு. புரோகிராம் என்பது குடித்தனக்காரர்.

கூரை ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். எப்போது வந்து ஓட்டை மாற்றுவார் என்று தெரியாது. குடித்தனக்காரர் என்ன செய்வார்? ஒழுகும் இடத்தில் ஓர் அண்டாவை வைப்பார்.

புரோகிராம் எழுதுகிறவர்களும் அதையே செய்கிறார்கள். சிஸ்டத்தில் உள்ள தவறு தங்களைப் பாதிக்காதபடி, தங்கள் பக்கத்தில் ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொள்கிறார்கள்.

மழைக்காலம் போகிறது. வீட்டுக்காரர் வந்து கூரையைச் சரிசெய்துவிடுகிறார். அண்டா மட்டும் கூடத்தின் நடுவிலேயே இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். பழைய குடித்தனக்காரர் போய்ப் புதியவர் வருகிறார். "இங்கே எதற்கு அண்டா?" என்று அவருக்குப் புரியவில்லை. எடுக்கவும் பயம். எடுத்தால் என்ன ஆகுமோ!

இப்போது நம்முடைய பூட்டின் கதைக்கு வருவோம்.

பெயர் சொன்னால் எண்

உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுவதற்குப் பயன்படும் மொழிகளில் பைத்தான் ஒன்று. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் உருவாக்கிய மொழி. 1991-ம் ஆண்டில் வெளியாயிற்று.

பைத்தானுக்கு விலை கிடையாது. அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். தவறு கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். இப்படிப்பட்ட புரோகிராம்களை "ஓப்பன் சோர்ஸ்" என்று சொல்லுகிறார்கள். மூடி மறைக்காத புரோகிராம் என்று பொருள்.

பைத்தானில் எழுதிய ஒரு புரோகிராம், வெளியூர்க் கம்ப்யூட்டர் ஒன்றுடன் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் தெரியும். ஆனால் பெயர் போதாது, எண் வேண்டும். டெலிபோன் மாதிரிதான்.

"இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு "கெட்-அட்ரஸ்-இன்ஃபோ" என்று பெயர். "விலாசம் கொண்டு வா" என்று அர்த்தம்.

இங்கேதான் பழைய சிலேட்டு இருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் பிறந்த பி.எஸ்.டி. என்ற சிஸ்டத்துக்குப் பல வாரிசுகள் உண்டு. ஃப்ரீ பி.எஸ்.டி., நெட் பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. ஆகியவை அந்தக் குடும்பம். ஆப்பிள் கம்பெனியின் மேக் சிஸ்டமும் அந்தக் குடும்பத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

எடுத்ததில் ஒரு குறையும் சேர்ந்து வந்துவிட்டது. விலாசம் கேட்கும் அந்த வேலையில், இரண்டு நூல்கள் ஒரே சமயத்தில் புகுந்தால் சிக்கு விழும்.

பைத்தானைப் பராமரிப்பவர்கள் இதை அறிந்தார்கள். 2000-க்குப் பிந்திய தொடக்க ஆண்டுகளில் ஒரு பூட்டுப் போட்டார்கள். ஒரு நூல் விலாசம் கேட்க உள்ளே போனால் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அது வெளியே வந்த பிறகுதான் அடுத்த நூல் உள்ளே போகலாம்.

அது நல்ல ஏற்பாடு. அந்தக் காலத்துக்குத் தேவையான ஏற்பாடு. ஒரே சிலேட்டு இருக்கும் இடத்தில் ஒருவர் ஒருவராகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

திருடன் போன நாள்

2007-ம் ஆண்டு அக்டோபர் மாதம், மேக் சிஸ்டத்தின் 10.5 பதிப்பு வந்தது. "லெப்பர்ட்", அதாவது சிறுத்தை, என்று அதற்குப் பெயர்.

அதில் ஆப்பிள் கம்பெனி, விலாசம் கேட்கும் வேலையைப் புதிதாக எழுதிவிட்டது. பழைய சிலேட்டு முறை போயிற்று. அதற்குப் பதிலாகத் தனி அறையில் ஒரு ஆள். கேட்கிறவர்கள் தங்கள் கேள்வியைச் சீட்டில் எழுதி உள்ளே நீட்ட வேண்டும். பதிலும் அவரவர் சீட்டில் வரும். எத்தனை பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் ஒருவர் சீட்டு இன்னொருவருக்குப் போகாது.

ஆபத்து நீங்கியது! திருடன் ஊரை விட்டே போய்விட்டான்!

ஆனால் இந்தச் செய்தி பைத்தானின் பூட்டுக்குத் தெரியாது. அது மேக் கம்ப்யூட்டர்களில் தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள்.

ஒரு நூல், பதில் சொல்லாத ஒரு கம்ப்யூட்டரின் விலாசத்தைக் கேட்டு உள்ளே போகிறது. பதில் வரப் பல விநாடிகள் ஆகின்றன. அதுவரை கதவு பூட்டியே இருக்கும். பின்னால் பத்து நூல்கள் நிற்கின்றன. அவை கேட்கும் விலாசங்களுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் பதில் கிடைத்துவிடும். ஆனால் உள்ளே போனால் அல்லவா கேட்கலாம்?

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கெடு உண்டு. "இத்தனை விநாடிக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடு" என்று சொல்லியிருப்பார்கள். வரிசையில் நிற்பதிலேயே கெடு தீர்ந்துவிடும். "தொடர்பு கிடைக்கவில்லை" என்று அது திரும்பிவிடும்.

போக வேண்டிய கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. வழியும் நன்றாக இருக்கிறது. தடுத்தது, தேவை இல்லாத ஒரு பூட்டு!

ஆதாரம் எங்கே?

2015-ம் ஆண்டு டிசம்பரில், டேட்டாபேஸ் இணைப்பு வேலையில் இருந்த ஓர் அமெரிக்க புரோகிராமர் இதைக் கையில் எடுத்தார். மேக் சிஸ்டத்தில் இந்தப் பூட்டு இன்னும் தேவைதானா என்று பைத்தான் பராமரிப்பாளர்கள் முன்னால் கேள்வியை வைத்தார். அவர்களுடைய பதிவேட்டில் அந்தக் கேள்விக்கு எண் 25924.

"என் கம்ப்யூட்டரில் பூட்டை எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொன்னால் போதுமா?

போதாது! ஆயிரம் தடவை ஓடி, ஆயிரத்து ஒன்றாவது தடவை கவிழ்வதுதான் இந்த நோயின் குணம். ஆகவே சோதனை மட்டும் சாட்சி ஆகாது. சிஸ்டத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆப்பிள் கம்பெனி தன் சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதிகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டு வந்ததால், அப்படிப் பார்க்க முடிந்தது.

மூன்று உண்மைகள் கிடைத்தன.

முதலாவது: பழைய மேக் சிஸ்டத்தில், பழைய பி.எஸ்.டி.யிலிருந்து வந்த, சிக்கு விழக்கூடிய பகுதி கலந்திருந்தது. ஆகவே பூட்டுப் போட்டது சரி.

இரண்டாவது: 10.5 பதிப்பில் அந்த வேலையை, விலாசம் தேடும் தனி ஆளிடம் கேட்கும்படி பத்திரமாக மாற்றி எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது: "யுனிக்ஸ் 03" என்ற தரச் சான்று பெற்ற முதல் மேக் பதிப்பு இந்த 10.5 தான். அந்தச் சான்று பெற வேண்டுமானால், விலாசம் கேட்கும் வேலையில் நூல்கள் சிக்கக் கூடாது. அது விதி.

போதும் அல்லவா? 2016-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான பைத்தான் 2.7.12, 3.5.2 ஆகிய பதிப்புகளில், 10.5 முதல் வந்த மேக் சிஸ்டங்களுக்குப் பூட்டு நீங்கியது.

ஆபத்து நீங்கியது 2007 அக்டோபர். பூட்டு நீங்கியது 2016 ஜூன். நடுவில் 8 ஆண்டு 8 மாதம்!

குறிப்பு செய்த வேலை

பூட்டை எடுத்தவர்கள் சும்மா எடுத்துவிட்டுப் போகவில்லை. புரோகிராமில் அந்த இடத்திலேயே ஒரு குறிப்பு எழுதினார்கள்.

எந்தப் பதிப்பிலிருந்து பயம் இல்லை, அதற்கு முன்பு ஏன் பயம் இருந்தது, யார் எப்படிச் சரிசெய்தார்கள், சரி என்பதற்கு என்ன அத்தாட்சி, மேலும் விவரம் வேண்டுமானால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எல்லாம் அதில் இருந்தன. சில வரிகள்தான்.

பழைய சிஸ்டம் வைத்திருந்தவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. "10.5-க்கு முந்திய மேக் என்றால் பூட்டு; 10.5 முதல் என்றால் பூட்டு இல்லை" என்று பிரித்து எழுதினார்கள்.

பிறகு அந்தக் குடும்பத்தின் மற்ற வீடுகளையும் பார்த்தார்கள். நெட் பி.எஸ்.டி. 4.0 பதிப்பில், 2007 டிசம்பரிலேயே கூரையைச் சரிசெய்திருந்தார்கள். ஓப்பன் பி.எஸ்.டி. 5.4 பதிப்பில், 2013 நவம்பரில் சரிசெய்திருந்தார்கள். அங்கேயும் அண்டாக்கள் எடுக்கப்படாமல் இருந்தன! அவற்றையும் அதே 2016 ஜூன் பதிப்புகளில் எடுத்தார்கள். பதிப்பு எண்ணும் மாதமும் ஆண்டும் குறிப்பில் ஏறின.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1929-ம் ஆண்டு வெளியான நூல் ஒன்றில் ஒரு வேலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பாதையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. எதற்கு என்று தெரியாதவனை அதைப் பிடுங்க விடக் கூடாது. எதற்கு என்று தெரிந்துகொண்டு வந்தால் அனுமதிக்கலாம் என்பது அவர் கருத்து.

நல்ல கருத்துதான். ஆனால் வேலி போட்டவர் ஒரு பலகையில் காரணத்தை எழுதி மாட்டியிருந்தால், பின்னால் வருகிறவர் எட்டு ஆண்டுகள் திகைத்து நிற்க வேண்டியதில்லை அல்லவா?

உங்கள் சட்டைப் பையில்

பலகை மாட்டுவதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிய புரோகிராம் இப்போது உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது!

அதன் பெயர் எஸ்.கியூ.லைட். அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000-ம் ஆண்டில் வெளியிட்டது. தகவல்களை ஒழுங்காகச் சேர்த்துவைக்கும் கணக்குப் பிள்ளை என்று அதைச் சொல்லலாம். ஆண்ட்ராய்டு செல்போனிலும் ஐபோனிலும் நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் பெயர்களும், வந்த குறுஞ்செய்திகளும் அதனுடைய காவலில்தான் இருக்கின்றன.

அந்தக் கணக்குப் பிள்ளை ஒரு கோப்பில் எழுதும்போது, வேறு யாரும் புகாமல் இருக்கச் சிஸ்டத்திடம் பூட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும். அந்தப் பூட்டில் இரண்டு கோணல்கள் உண்டு.

ஒரே புரோகிராமைச் சேர்ந்த இரண்டு நூல்களை, யுனிக்ஸ் விதி ஒரே ஆளாகக் கருதுகிறது. முதல் நூல் போட்ட பூட்டை, இரண்டாவது நூல் போடும் பூட்டு அழித்துவிடும். இது ஒரு கோணல்.

ஒரு நூல் அந்தக் கோப்பை மூடினால், அதே கோப்பில் மற்ற நூல் போட்ட பூட்டும் தானாகக் கழன்றுவிடும். இது இரண்டாவது கோணல். அண்ணன் வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினால், தம்பி பூட்டிய பீரோ திறந்துகொள்வது மாதிரி!

கழன்றது தெரியாமல் இருவர் ஒரே சமயத்தில் எழுதினால், கோப்பு குட்டிச்சுவர் ஆகிவிடும்.

இது விதியிலேயே உள்ள கோணல். ஆகவே வீட்டுக்காரர் திருத்துவார் என்று காத்திருந்து பயன் இல்லை. எஸ்.கியூ.லைட் தானே ஒரு வழி செய்துகொண்டது. எந்த நூல் எந்தக் கோப்பில் பூட்டுப் போட்டிருக்கிறது என்று தனக்குள்ளே கணக்கு வைத்துக்கொள்கிறது. எல்லாப் பூட்டுகளும் விடுபட்ட பிறகுதான் கோப்பை மூடுகிறது.

இதை ஏன் செய்தோம் என்று புரோகிராமின் உள்ளே நீளமாக, பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். முதல் கோணலைப் பற்றிய விதி எங்கே இருக்கிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். 1996-ம் ஆண்டுத் தர விதிப் புத்தகத்தில் 6.5.2.2 பிரிவு, 483 முதல் 490 வரை உள்ள வரிகள்! சந்தேகம் உள்ளவர் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்டாவை எடுத்ததையும் எழுதியிருக்கிறார்கள். லினக்ஸ் சிஸ்டத்தில் முன்பு இருந்த நூல் முறைக்கு "லினக்ஸ் திரெட்ஸ்" என்று பெயர். அதில் இன்னொரு தொல்லை இருந்தது. அதற்காகவும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருந்தார்கள். லினக்ஸில் புதிய நூல் முறை வந்து நிலைத்தது. 2010-ம் ஆண்டு வெளியான 3.7.0 பதிப்போடு அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். பழைய முறையை இன்னும் யாராவது வைத்திருந்தால், எந்த இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டு வேலை செய்யலாம் என்பதையும் குறித்துவைத்தார்கள்.

வைத்த நாளும் எழுத்தில். எடுத்த நாளும் எழுத்தில்.

சாவிக்காரன் வராத வீடு

காரணம் சொல்லாத மாற்று ஏற்பாடு எப்படிப் பரவும் என்பதற்கும் ஒரு கதை உண்டு.

ஒரு புரோகிராம் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ள முடியும். அதற்கு "ஃபோர்க்", அதாவது கிளை விடுதல், என்று பெயர். ஒரு வீட்டை அப்படியே நகல் எடுப்பதுபோல. அறைகள், சாமான்கள், பூட்டுகள் எல்லாம் நகலில் இருக்கும்.

ஆனால் ஆட்கள்? நகல் எடுத்த அந்த ஒரு நூல் மட்டும்தான் புதிய வீட்டுக்கு வரும். மற்ற நூல்கள் வரமாட்டா.

நகல் எடுத்த கணத்தில், பழைய வீட்டில் வேறொரு நூல் ஓர் அறையைப் பூட்டி உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தால்? புதிய வீட்டிலும் அந்த அறை பூட்டியே இருக்கும். திறக்க வேண்டிய சாவிக்காரன் வரவே இல்லை! அந்த அறைக்கு முன்னால் போய் நிற்கிறவன் என்றென்றும் நிற்க வேண்டியதுதான்.

2017-ம் ஆண்டு வந்த மேக் 10.13 பதிப்பு இதில் கடுமை காட்டியது. இப்படிப்பட்ட ஆபத்தான நிலையைக் கண்டால், புரோகிராமை அங்கேயே நிறுத்திவிட்டது. நேற்று வரை ஓடிய புரோகிராம்கள் இன்று விழுந்தன.

அப்போது ஒரு மந்திரம் பரவியது. ஒரே ஒரு வரியைத் தட்டினால் சிஸ்டத்தின் அந்தக் காவல் தூங்கிவிடும். புரோகிராம் மறுபடி ஓடும். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டார். அந்த வரி காவலை நிறுத்தியதே தவிர ஆபத்தை நிறுத்தவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்குவது போன்ற காரியம் அது.

பைத்தான் பராமரிப்பாளர்கள் வேறு வழியில் போனார்கள். 2019 அக்டோபரில் வெளியான 3.8 பதிப்பில், பைத்தான் தன் வேலைகளைப் பல புரோகிராம்களாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாற்றினார்கள். மேக்கில் வழக்கமாக வீட்டை நகல் எடுக்காமல், புதிதாகவே கட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். விளக்கப் புத்தகத்தில் காரணமும் எழுதினார்கள். மேக் சிஸ்டத்தின் பகுதிகள் தாமாகவே நூல்களைத் தொடங்கிவிடக்கூடும்; ஆகவே நகல் முறை பத்திரம் அல்ல; விவரத்துக்கு 33725-ம் எண்ணைப் பாருங்கள் என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

மற்ற சிஸ்டங்களிலும் இதே ஆபத்து உண்டல்லவா? 2023-ல் வந்த 3.12 பதிப்பு, பல நூல்கள் ஓடும்போது நகல் எடுத்தால் எச்சரிக்கை கொடுத்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில், லினக்ஸிலும் வழக்கமான முறை மாற்றப்பட்டது.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

இந்தக் கதைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நல்ல குறிப்புக்கு ஐந்து அடையாளங்கள் தெரிகின்றன.

1. என்ன தவறு? "இங்கே தொடாதே" என்றால் போதாது. தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும்.

2. எந்த வீட்டில்? எந்த சிஸ்டம், எந்தப் பதிப்பு என்று சொல்ல வேண்டும்.

3. என்ன ஏற்பாடு செய்தோம்? அதனால் என்ன நஷ்டம்? பூட்டுப் போட்டால் வரிசை நிற்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.

4. ஆதாரம் எங்கே? புத்தகம் என்றால் பக்கமும் வரியும். பதிவேடு என்றால் எண்.

5. எப்போது எடுக்கலாம்? இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பூட்டுப் போடும்போதே, எது நடந்தால் அதைக் கழற்றலாம் என்று எழுதிவிட வேண்டும்.

ஐந்துக்கும் சேர்த்துப் பத்து வரி போதும். எழுதப் பத்து நிமிஷம் ஆகும்.

இந்தப் பத்து வரிகளை எழுதுகிறவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். பகலில் வேறு வேலை. இரவில் இந்த வேலை. படிக்கப் போகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த ஆண்டில் வரப் போகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத அந்த ஆளுக்காகவே எழுதுகிறார்கள்.

நம் வீடுகளிலும் இப்படிப் பூட்டுகள் உண்டு. மின்சாரப் பெட்டியில் ஒரு சுவிட்சின் மேல் "போடாதே" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எழுதியவர் தாத்தா. எதற்கு எழுதினார், அந்தக் கோளாறு இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. போடவும் பயம், சீட்டைக் கிழிக்கவும் பயம்.

அடுத்த தடவை அப்படி ஒரு சீட்டு ஒட்டும்போது, இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். "குளியல் அறைச் சுவர் ஈரம். சுவிட்சைப் போட்டால் ஷாக் அடிக்கும். சுவரைப் பூசிக் காய்ந்ததும், எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு போடலாம்." கீழே தேதி போடுங்கள்.

நாளைக்கு அந்த வீட்டில் இருக்கப் போகிற பேரன் அதைப் படிப்பான். எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயப்பட வேண்டாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.